இரும்புக் கதவு

நான்கு வருடங்களாக ஞாயிறு மாலைகளில், கதை சொல்லி ஆடும் அந்தப் பகடை ஆட்டம் சுகந்தியின் வீட்டு மேசையில்தான் நடந்தது. மற்றவர்கள் வீரர்கள். அவர்கள் நுழையும் கோட்டை, நனையும் மழை, பாயும் கரடி எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தன. ஆட்டத்தை நடத்துகிறவளை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று ஒருமுறை கேட்டாள்.

"அக்கான்னு கூப்பிட்டாப் பத்தாதா?" என்று ரியாஸ் சிரித்தான்.

இந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஜெரால்டு ஆட்டத்தை நடத்த அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வரைந்த வரைபடத்தை விரித்தான். அவள் டீ போட எழுந்து போனாள். பால் பொங்குவதற்குள் ரியாஸ் ஜெரால்டிடம் கேட்பது காதில் விழுந்தது.

"மாஸ்டர், இந்த இரும்புக் கதவைத் திறக்கலாமா?"

'மாஸ்டர்' என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். தொண்டை சரியாகிவிட்டிருந்தது.

டம்ளர்களோடு திரும்பியபோது கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். வரைபடத்தில் கதவுக்குப் பின்னாலிருந்த அறைக்குள் எதுவும் எழுதியிருக்கவில்லை. உள்ளே இருப்பதை அவள் மனதில் மட்டுமே வைத்திருந்தாள். எல்லோரும் ஜெரால்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, உள்ள என்ன இருக்கு?"

சுகந்தி கழுத்தைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.