கரையிலிருந்து அடிக்கும் மணி

நடுக்கடலுக்கு மேலே போகும் விமானிகள் ரேடியோ இரைச்சல் பொறுக்காமல் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். கரையிலுள்ள ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு விமானத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் அதில் மட்டும் மணி அடிக்கும். இருக்குமிடம் சொல்லவேண்டிய நேரம் கடந்தும் பேசாத ஒரு விமானத்துக்காக மரகதவல்லி மதியத்திலிருந்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எரிபொருளே தீர்ந்திருக்கும், விடும்மா," என்றார் மேலதிகாரி தேவசகாயம்.

"காலையில மணியைச் சோதிச்சப்ப, அந்த பைலட் 'வாசல்ல யாரு'ன்னு சிரிச்சாரு சார்."

மறுபடி அழுத்தினாள். இரைச்சலுக்குள் ஒரு குரல் வந்தது: "மணி கேட்டுது, சொல்லுங்க."

தேவசகாயம் எழுந்தே விட்டார். அவள் விமானத்தின் எண்ணைக் கேட்டாள். அது வேறு விமானம். மணி அங்கே தவறி அடித்திருக்கிறது.

"உங்களைக் கூப்பிடலை," என்றாள்.

"அப்ப யாரை?"

சொன்னாள்.

"கீழ தண்ணிதாம்மா தெரியுது. நானும் கூப்பிட்டுப் பாக்கறேன்."