அளவெடுத்த கை

“திரும்பவும் கொண்டு வந்திட்டியா?” தச்சுவேலை ஓடாவி தங்கராசா உளியைத் தொப்பென்று பலகையில் போட்டார்.

கேதீசன் துவக்கை அவர் முன்னால் வைத்தான். “முன்கட்டை கைக்கு அடங்குதில்ல அண்ணன், வழுக்குது. வயல் வட்டையில காட்டுப் பண்டிக்குச் சுட்டா பின்னுக்கு உதைச்சுத் தோளெல்லாம் வீங்குது.”

“உன்ட கையை அளந்துதானே முதிரை மரத்தில செதுக்கித் தந்தன்? எங்க, பிடி பாப்பம்.”

பிடித்தான். விரல்கள் கட்டையைக் கச்சிதமாகச் சுற்றிக்கொண்டன.

“அளவாத்தானே கிடக்கு! சேட்டைக் கழட்டு, வீக்கத்தைப் பாப்பம்.”

கேதீசன் சேட்டுப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கழட்டுடா! என்ட வேலையில பிழை பிடிக்க வந்திட்டான்!”

வாசலில் நின்ற ஓட்டோவிலிருந்து அவன் மனைவி உசாந்தி இறங்கி விறுவிறுவென்று வந்தாள். துவக்கைப் பறித்து முன்கட்டையைப் பிடித்தாள். அவள் விரல்கள் பாதிகூடச் சுற்றவில்லை.

“இவருக்கு வெடிச்சத்தம் ஆகாது. காவலுக்குப் போறதும் நான், சுடுறதும் நான்” என்று ஓடாவியிடம் சொன்னவள், கணவன் பக்கம் திரும்பினாள். “என்ட கையை அளக்கச் சொல்லுங்க எண்டு எத்தின தரம் சொன்னன்? வெக்கம் உங்களுக்கு, வீக்கம் எனக்கு!”