இடது கன்னத்து மகரந்தம்

“இவரு எங்க மலைக்காரர்தான் சார்!”

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள் மகரந்த ஆய்வாளர். அருங்காட்சியகத்தில் அவளுக்குத் ‘தும்மல் டாக்டர்’ என்று பெயர். பூந்தூளை வைத்தே ஒரு பழம்பொருளின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம் என்று அவள் ஆரம்பித்தால் போதும், அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

இன்று யாரும் நழுவவில்லை. மேஜைமேல் கிடந்த, எங்கே தோண்டியெடுத்தது என்றே தெரியாத ஆயிரம் வருஷத்து மர முகமூடி தங்களுடையது என்று துறைமுக நகரத்து அருங்காட்சியகம் வேனையே அனுப்பிவிட்டது. மலையில் செய்தது என்று நிரூபித்தால் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் முகமூடியோடு அவள் மானமும் வேன் ஏறிவிடும்.

மேஜையின் மறுமுனையில் அவள் கணவன், வந்த இருமலை அடக்கிக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் தொட்டுத் தொட்டு முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு காதில் ஆரம்பித்தவன் இப்போதுதான் மூக்குக்கு வந்திருந்தான். பழைய அழுக்கைப் பதமாக எடுக்க எச்சிலை மிஞ்ச எதுவும் இல்லை என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் மட்டும் சொல்வதில்லை.

“என்னம்மா, ஊர்ச் சொத்தையெல்லாம் பிறந்த வீட்டுக்கே எழுதி வைக்கப் பாக்கறீங்களா?” என்றார் இயக்குநர். “உங்க துணியிலேர்ந்து ஒட்டியிருந்தா?”

“நான் ஊருக்குப் போயே ரெண்டு வருஷமாச்சு சார். அந்தப் பூ எங்க மலையைத் தவிர வேற எங்கயும் பூக்காது.”

“போன வாரம் உங்க அம்மா வந்தாங்களே?”

“வீட்டுக்கு வந்தாங்க. இந்தக் கட்டடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.”

“சரி, காத்துல வந்திருந்தா?”

“காத்துல வந்தா முகம் பூரா இருக்கணுமே! இடது கன்னத்துல கொட்டிக் கிடக்கு. வலது கன்னத்துல மருந்துக்குக்கூட இல்ல. ஏன்? பூவைப் பரப்பி, அதுமேல இடது பக்கமா சாய்ச்சுப் புதைச்சிருக்காங்க!”

இயக்குநருக்குப் புல்லரித்துவிட்டது. “இனிமே எவனாவது தும்மல் டாக்டர்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்” என்று அந்தப் பெயரை வைத்தவரே சொல்லிவிட்டு, நிருபர்கள் காத்திருந்த கூடத்துக்கு ஓடினார். சற்று நேரத்தில் கைதட்டல் கேட்டது. வாசலில் நின்ற வேன் காலியாகக் கிளம்பிப் போனது.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இத்தனை வருஷம் சிரிச்சாங்களேங்க... இப்ப என்ன சொல்வாங்க?”

கணவன் குச்சியைக் கீழே வைத்தான். அவன் முகம் பேயறைந்தது போலிருந்தது.

“வலது கன்னத்தை நான் இன்னும் துடைக்கவே ஆரம்பிக்கலம்மா.”

“அதுக்கென்ன இப்போ? மெதுவா துடைங்க. முகமூடி ராஜா எங்கயும் போகப் போறதில்ல.”

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“இருமலுக்கு நக்கச் சொல்லி, உங்க அம்மா ஒரு பாட்டில் மலைத்தேன் குடுத்துட்டுப் போனாங்கல்ல?”