இரைச்சல் ஆல்பத்தின் ரசிகை

சியாட்டில் மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய கிரஞ்ச் என்னும் முரட்டு ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் இனிப்பு மெட்டு; சுடச்சுட விற்றது. இரைச்சலான இரண்டாவதை வாங்கியவர்களே பழைய இசைத்தட்டுக் கடையில் தள்ளிவிட்டார்கள்.

“இனிமே இனிப்புதான் க்ரெட்சன்,” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் ட்வைட்.

“மேடத்தையே கேட்டுடுவோம்,” என்றாள் அவள்.

“அவங்களையா? காலையிலேர்ந்து கத்தித் தீர்க்கிறாங்க. சரி, முதல்ல இனிப்பைப் போடு.”

போட்டாள். மேடம் முகம் சிவக்க இன்னும் உரக்கக் கத்தினார்.

“ரசனை கெட்ட மேடம்!”

“இப்ப ரெண்டாவது,” என்று இசைத்தட்டை மாற்றினாள். கிட்டார்கள் இரும்பைக் கிழித்தன. மேடத்தின் கத்தல் நின்றது. கண்கள் மெல்லச் செருகின. உதட்டோரம் ஒரு சிரிப்பு மிதந்தது. அறையே ஏதோ வெதுவெதுப்பான தண்ணீருக்கடியில் இறங்கிவிட்டது போலிருந்தது.

“இந்தக் காட்டுக் கத்தலுக்கா தூக்கம் வருது?”

“வராம? இதைப் பதிவு பண்ணப்ப மேடம் என் வயித்துலதானே இருந்தாங்க! நான் வாசிச்ச பாஸ் கிட்டாரு அவங்க தலைமேலயே சாஞ்சு கெடந்துச்சு.”

ட்வைட் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, மகளின் போர்வையை இழுத்துவிட்டான்.

“மூணாவதும் இரைச்சல்தான்,” என்று கிசுகிசுத்தான். “ஊரு முழிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, வீடு தூங்கணும்.”