ஆறு அவுட்

"முதுகு வலியாம், முதுகு வலி! இந்த வலிக்கு வேற நாளே கிடைக்கலையா?"

வீட்டுக்குள் காலை வைக்கும்போதே லெஸ்டர் ஆரம்பித்துவிட்டார். ஒஹாயோவில் விடிந்ததிலிருந்து மழை. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை அவர்.

டேரல் தரையில் உட்கார்ந்து, தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். பேஸ்பால் சீசன் நேற்றோடு முடிந்தது. வாடகை வீட்டை நாளைக்குள் காலி செய்ய வேண்டும்.

டேரல் பந்து வீசுகிறவன். லெஸ்டர் அவனுடைய ஏஜென்ட். முப்பத்தேழு வயது, முழங்கையில் இரண்டு ஆபரேஷன் என்றதும் போன குளிர்காலத்தில் டேரலை ஒருவரும் சீந்தவில்லை. ஒரே ஓர் அணி மட்டும் குறைந்த சம்பளத்தில் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. அதைத் தட்டிவிட்டு, இங்கே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தவர் லெஸ்டர்தான்.

சம்பளம் அதைவிடச் சொற்பம். ஆனால் சீசன் முடிவதற்குள் நூற்றைம்பது இன்னிங்ஸ் வீசிவிட்டால் இருபது லட்சம் டாலர் ஊக்கத்தொகை. இவன் கை தாங்கும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், அடுத்த வருஷம் அணிகள் வாசலில் வந்து நிற்கும் என்று லெஸ்டர் போட்ட கணக்கு அது.

நூற்று நாற்பத்தெட்டு வரை வீசிவிட்டான். மிச்சம் இரண்டே இன்னிங்ஸ். பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; ஆறு பேரை அவுட்டாக்கினால் போதும். நேற்றைய கடைசி ஆட்டத்தில் அவன்தான் வீச வேண்டியது. ஆனால் முந்தின நாள், சனிக்கிழமை காலை, முதுகைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போய்ப் படுத்துவிட்டான்.

"ஆறு அவுட், ராசா! என் மாமியார்கூட எடுத்திருப்பாங்க!"

"அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"கிண்டலா? ரேடியோவைப் போட்டுப் பாரு. உன்னைக் கண்ணாடிப் பாத்திரம்ங்கிறான். தொட்டா உடைஞ்சிடுவியாம். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உனக்கு இன்னொரு அணி தேடுறது?"

"தேடாதீங்க. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பதினொரு வருஷப் பழக்கம். பேசாமல் அந்த இரண்டு வருஷ ஒப்பந்தத்தையே வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று லெஸ்டருக்குத் தோன்றியது.

டேரல் எழுந்தான். நிறைந்திருந்த பெட்டியைக் குனிந்து ஒரே தூக்காகத் தூக்கி, வாசலோரம் வைத்துவிட்டு வந்தான்.

லெஸ்டர் அவனையே பார்த்தார்.

"உனக்கு முதுகு வலி இல்ல."

"இல்ல."

"அடப்பாவி! டாக்டர்கிட்ட பொய்யா சொன்ன?"

"வலிக்குது வலிக்குதுன்னா பாவம், அவர் என்ன பண்ணுவாரு?"

"ஏண்டா இப்படிப் பண்ணின?"

டேரல் அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒருத்தன் இடம் காலியானாத்தான் இதே கிளப்போட கீழ் அணியிலேர்ந்து ஒருத்தனை மேல கூப்பிடுவாங்க. அங்க பந்து வீசறவங்கள்ல கை ஓய்வா இருந்தவன் ஒரே ஒருத்தன்தான். விசாரிச்சுட்டுத்தான் படுத்தேன்."

"யாரு, உனக்குப் பதிலா வந்து நேத்து ஏழு ரன் குடுத்தானே, அவனா? காருல கேட்டுட்டு வந்தேன். எவனோ கிழவனாம். பேரைக்கூடக் கேக்கப் பிடிக்காம ரேடியோவை அணைச்சுட்டேன். அவனுக்காகவா?"

"முப்பத்தஞ்சு வயசு, லெஸ்டர். பதினாலு வருஷமா கீழ் அணியிலயே ஊர் ஊரா பஸ்ஸுல அலையறான். மேல வந்து மொத்தமே நாப்பத்திரெண்டு நாள்தான் இருந்தான். அதுவும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

இந்தக் கணக்குத் தெரியாத ஏஜென்ட் கிடையாது. மேல் அணியின் பட்டியலில் நாற்பத்து மூன்று நாள் பெயர் இருந்தவனுக்கு, வயதான பிறகு சாகும்வரை பென்ஷன் உண்டு. நாற்பத்திரண்டு நாள் இருந்தவனுக்கு ஒரு காசு கிடையாது.

"ஒரே நாளா குறைஞ்சுது?"

"ஒரே நாள். இந்த வருஷத்தோட விட்டுட்டு, மச்சான் கடையில டயர் மாட்டப் போறானாம்."

"அவன் உனக்கு யாரு? சொந்தமா?"

"அதெல்லாம் இல்ல. பயிற்சி முகாம்ல, உடை மாத்துற அறையில பக்கத்து அலமாரிக்காரன். ஒருநாள் சாப்பிடறப்போ சொன்னான்."

"நீ பண்ணது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் பயந்து படுத்துட்டேன்னு அவனும்தான் நினைக்கிறான். நேத்து என் பக்கம் திரும்பக்கூட இல்ல. மூலையில உக்காந்து அழுதான். ஏழு ரன் குடுத்துட்டு அழறான்னு நினைச்சாங்க."

"உன் பொண்டாட்டிகிட்ட என்ன சொன்ன?"

"முதுகு வலின்னுதான்."

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. ஓர் ஆள் வாழ்க்கையையே தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறான். லெஸ்டருக்கு ஆத்திரம் பொங்கியது. அதை யார் மேலாவது கொட்டியாக வேண்டும்.

"அந்த ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு ஒரு ஏஜென்ட் இருந்திருப்பான்ல? 'இன்னும் ஒரு நாள் வெச்சுக்கங்கய்யா'ன்னு அணி ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும்! எவன்டா அந்தக் கூறுகெட்டவன்?"

டேரல் டேப்பை இழுத்துப் பெட்டியின் வாயை ஒட்டினான். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த ஏழு ரன் குடுத்தவன் பேரு ஓடிஸ் ப்ளங்கெட். அவனைக் கீழ அனுப்பின அன்னிக்குத் தன் ஏஜென்ட்டுக்கு ஒன்பது தடவை போன் பண்ணினானாம், லெஸ்டர். நீங்க எடுக்கவே இல்லையாம்."