தாடையில் ஒரு விரல்

பெண் பார்க்க வந்த அன்று கார்மேகம் தாடையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. மறு கையால் டம்ளரைத் தூக்கி, காபியை ஆற்றாமல் கொதிக்கக் கொதிக்கக் குடித்தான். யோசனைக்காரப் பிள்ளை என்று பெண்வீட்டார் மகிழ்ந்தார்கள். விரலை எடுத்தால் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும் நரம்புக் கோளாறு அவனுக்கு இருப்பதை அவன் வீட்டார் சொல்லவில்லை. தாலி கட்ட இரண்டு கையும் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியோடு குனிந்தவனின் முகம் மெல்ல இடதுபுறம் திரும்பியது; கூடவே உடம்பும் சாய்ந்தது.

"மாப்ள எங்கய்யா பாக்குறாரு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மணப்பெண் தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விரலை நீட்டி அவன் தாடையில் வைத்தாள். முகம் நேரே வந்தது.

"அன்னிக்கு காப்பிய ஏன் ஆத்தாம குடிச்சீங்கன்னு இப்பதான் தெரியுது."

மேளம் ஓயவில்லை. அவன் இன்னும் முதல் முடிச்சைப் போடவில்லை.