ஆய்வு நாள் நாற்காலி

"வீல் சேர் நல்லாத்தானே இருக்கு," என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி.

"ஆமா சார்," என்றான் ஜெனோ. முன்னாள் ராணுவத்தினருக்கான அந்த அரசு மருத்துவமனையில் அவன் கிளார்க். நாற்காலியின் முதுகில் பெயிண்ட் அழிக்கிற தின்னர் வாடை இன்னும் போகவில்லை.

"அப்புறம் ஏன் மனுவேல்னு ஒருத்தர், இங்க நடக்க முடியாதவங்களை ஸ்டூல்ல வச்சுத் தூக்குறாங்கன்னு புகார் எழுதியிருக்கார்?"

அதிகாரி புகாரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மனுவேல் ஐயா, இங்க வீல் சேர் இருக்கே?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"கிளார்க்கும் அங்கன நிக்காரா சார்?"

"நிக்கிறார்."

"நான்தான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"அதை நேர்ல வந்து எழுதிக் கொடுங்க."

"இன்னைக்குக் கட்டிலை விட்டு இறங்க வழியில்ல சார். நாளைக்கு வாரேன்."

அதிகாரி புகாரை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஜெனோ அந்த நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். கட்டிலில் கிடந்த மனுவேல் தலையைத் தூக்கினார்.

"வேலைக்கு ஒண்ணும் மோசமில்லையேலே?"

"இல்லப்பா."

நாற்காலியைத் திருப்பிப் போட்டபோது அதன் முதுகு அவர் கண்ணில் பட்டது. மீன்பிடி வள்ளத்துக்குப் பேர் எழுதுகிற மாதிரி, இறந்துபோன மனைவி செசிலியின் பேரை அவர் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்த இடம் அது.

வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தைக் கை நீட்டித் தடவிக்கொண்டே கேட்டார்:

"அம்மா பேரையுமாலே அழிச்ச?"